முதல் பந்தி யாருக்கு?

ஒரே பெயர், ஒரே விலை, ஒரே நாளில் வெளியீடு. ஒரு கன்சோலில் பறக்கிற கேம் இன்னொன்றில் நொண்டுவது ஏன்?

“ஏலே, உன் போன்ல ஓடுது, என் போன்ல மட்டும் ஏன்ல இழுக்கு?”

ஆழ்வார்குறிச்சியோ கடையமோ அம்பாசமுத்திரமோ, நாலு பையன்கள் கூடி ஃப்ரீ ஃபயர் ஆடுகிற எந்தத் திண்ணையிலும் இந்தக் கேள்வி எழாமல் பொழுது சாயாது. கேட்கிறவன் கையில் பத்தாயிரம் ரூபாய் போன். பதில் சொல்ல வேண்டியவன் கையில் துபாயிலிருந்து அண்ணன் கொண்டுவந்த போன். ஆட்டம் ஒன்று, சர்வர் ஒன்று, சிக்னல் வருகிற டவர்கூட ஒன்றுதான். ஆனாலும் ஒருவன் குறிபார்த்துச் சுட்டு முடித்த பிறகுதான் மற்றவன் திரையில் எதிரியே தெரிகிறான்.

சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ கன்சோல்களை வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்கப் பல வருடமாகச் சண்டை போட்டுக்கொள்வதும் இதே கேள்விக்காகத்தான். வழக்கமாகக் கிடைக்கும் பதில், “உன் மெஷினுக்கு அவ்வளவுதான் சக்தி” என்பது. அது பாதிப் பதில். சக்தி குறைந்த இயந்திரத்தில் அருமையாக ஓடிய கேம்கள் உண்டு. சக்தி மிகுந்த இயந்திரத்தில் பல்லிளித்த கேம்களும் உண்டு. கேமை முதலில் எந்த இயந்திரத்தை மனதில் வைத்துச் செய்தார்கள், அடுத்த இயந்திரத்துக்கு மாற்றும் வேலையை யாரிடம் கொடுத்தார்கள், எத்தனை மாதம் கொடுத்தார்கள் என்ற மூன்றையும் பார்த்தால்தான் மீதிப் பாதி விளங்கும். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கும் மூன்றாம் பந்திக்கும் இலையில் விழுவது ஒன்றா? சமையல் ஒன்றுதான், சாம்பார்தான் வேறு.

திருநெல்வேலிச் சீமையில் கேம் ஆடி வளர்ந்த நாம் பெரும்பாலும் பிந்தைய பந்திக்காரர்கள். அதனால் இந்தக் கதையை அந்த இலையிலிருந்தே சொல்வதுதான் நியாயம்.

128 பைட்டில் ஒரு பேக்-மேன்

கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய பெட்டி இயந்திரங்களில் 1980-ல் வந்து உலகையே பைத்தியமாக்கியது பேக்-மேன். அதை வீட்டில் ஆடும் அட்டாரி 2600 கன்சோலுக்குக் கொண்டுவரும் வேலை டாட் ஃப்ரை என்ற ஒரே புரோகிராமரிடம் வந்தது. அந்தக் கன்சோலின் மொத்த ராம் 128 பைட். கேட்ரிட்ஜில் இடம் 4 கிலோபைட். இந்தப் பத்தியைச் சேமிக்கவே அந்த ராம் போதாது. நான்கு பேய்களையும் ஒரே நேரத்தில் திரையில் வரைய வழியில்லை என்று ஒவ்வொரு பேயையும் மாற்றி மாற்றி வரைந்தார். பேய்கள் மினுக்கின. புதிர்ப்பாதை மாறியது, ஒலியும் மாறியது. 1982-ல் வெளியான அந்த கேம் எழுபது லட்சத்துக்கு மேல் விற்றது. வாங்கியவர்களில் பலர், “இதுவா பேக்-மேன்?” என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க வீடியோ கேம் சந்தையே சரிந்தபோது, அதற்கான காரணங்களில் ஒன்றாக இந்த கேமின் பெயரும் அடிபட்டது.

ஒரு இயந்திரத்துக்குச் செய்ததை இன்னொன்றுக்கு மாற்றுவதை கேம்காரர்கள் ‘போர்ட்’ என்கிறார்கள். டாட் ஃப்ரை செய்ததும் போர்ட்தான். ஆனால் அதே பத்தாண்டில் இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் அதன் பலனைத்தான் அனுபவித்தார்கள்.

தொண்ணூறுகளில் டிவி பெட்டியோடு ஒயர் இணைத்து ‘டிவி கேம்’ ஆடியவர்களுக்கு கான்ட்ரா தெரியாமல் இருக்காது. நின்டெண்டோவின் பழைய கன்சோலைப் பார்த்து நகலெடுத்து, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் விற்ற பெட்டிகளில்தான் நம்மில் பலர் அதை ஆடினோம். கொனாமி நிறுவனம் 1987-ல் கான்ட்ராவை முதலில் செய்தது, நெட்டுக்குத்தான திரை கொண்ட கடை இயந்திரத்துக்கு. அடுத்த ஆண்டு வீட்டு கன்சோலுக்கு மாற்றியபோது, அகலவாக்கில் இருக்கும் டிவி திரைக்கு ஏற்றபடி கட்டங்களையே புதிதாக வரைந்தார்கள். நீளம் கூட்டினார்கள். அந்த கன்சோலின் ராம் 2 கிலோபைட்தான். படம் கடை இயந்திரத்தைவிட எளிமையாகத்தான் இருந்தது. ஆட்டம் அதைவிடச் சுவையாக இருந்தது. இன்று கான்ட்ரா என்றால் உலகம் நினைவில் வைத்திருப்பது இந்த இரண்டாவது வடிவத்தை.

முப்பது உயிர் வாங்கிக் கொடுக்குமே, ‘மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ’ என்ற மந்திரம், அதுவும் போர்ட் வேலையில் பிறந்ததுதான். 1986-ல் கிரேடியஸ் என்ற கடை கேமை நின்டெண்டோவுக்கு மாற்றிக்கொண்டிருந்த கஸுஹிசா ஹாஷிமோட்டோவுக்கு, தான் செய்த கேமையே கடைசிவரை ஆடிச் சோதிக்க முடியவில்லை. அவ்வளவு கடினம். தன் வசதிக்காக ஒரு குறுக்குவழி வைத்தார். அதை எடுக்காமலே கேம் வெளியே போய்விட்டது. கான்ட்ரா அதையே எடுத்துக்கொண்டது.

பேக்-மேனும் கான்ட்ராவும் பலவீனமான இயந்திரத்துக்கு வந்த கேம்கள்தான். ஒன்றில் மூலத்தை அப்படியே திணிக்கப் பார்த்தார்கள். மற்றதில் புது இயந்திரம் எதைத் தாங்கும் என்று பார்த்துத் திரும்பச் செய்தார்கள். இவ்வளவு எளிமையான வித்தியாசம் இது. ஆனாலும் கேம் துறை ஒவ்வொரு தலைமுறையிலும் இதை மறந்துவிட்டு முதலிலிருந்து கற்கிறது. அதுதான் எனக்குப் புரியாத புதிர்.

பதினாறு மில்லிசெகண்டுக்குள் எல்லாம்

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். திரையில் அசைவு வழுக்கிக்கொண்டு போக வேண்டுமானால் நொடிக்கு 60 படங்கள் வேண்டும். அதாவது ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட். அதற்குள் எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று எல்லாக் கணக்கையும் முடித்து வரைந்துவிட வேண்டும். முடியாவிட்டால் 30 படத்துக்கு இறங்கி 33.3 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே தத்தளிக்கிற கேமைத்தான் பையன்கள் ‘லேக் அடிக்கு’ என்கிறார்கள்.

இந்தக் கணக்கை எந்தச் சிப் எவ்வளவு போட வேண்டும், படங்களை எந்த ராமில் வைக்க வேண்டும் என்ற திட்டம் கேம் செய்யத் தொடங்கும்போதே தீர்மானமாகிவிடும். எந்த கன்சோலை முன்னால் வைத்துத் திட்டம் போடுகிறார்களோ அதுதான் ‘லீட் பிளாட்ஃபார்ம்’. மற்ற கன்சோல்களுக்கு அந்தத் திட்டத்தை வளைக்க வேண்டும்.

வளைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை பிளேஸ்டேஷன் 3 காட்டியது. 2006-ல் வந்த அந்த இயந்திரத்தின் ‘செல்’ சிப், காகிதத்தில் பார்த்தால் அசுரன். ஆனால் அதில் பொதுவேலைக்கு ஒரே ஒரு மையம். கூடவே தனித்தனியாக வேலை பிரித்துக் கொடுக்க வேண்டிய சிறு மையங்கள், கேம்களுக்குக் கிடைத்தவை ஆறு. ராமும் 256 எம்.பி., 256 எம்.பி. என இரண்டு அறைகளாகப் பிரிந்து கிடந்தது. ஒரு வருடம் முன்பே வந்துவிட்ட எக்ஸ்பாக்ஸ் 360-ல் ஒரே மாதிரியான மூன்று மையங்கள், 512 எம்.பி. ராம் ஒரே கூடமாக. புரோகிராமர்களுக்கு அது பழகிய வீடு. பெரும்பாலான நிறுவனங்கள் எக்ஸ்பாக்ஸை முன்னால் வைத்துச் செய்துவிட்டு, பிறகு பிளேஸ்டேஷனுக்கு மாற்றின.

விளைவுகள் உடனே தெரிந்தன. 2007-ல் வந்த அமெரிக்கக் கால்பந்து கேமான மேடன் என்.எஃப்.எல். 08, எக்ஸ்பாக்ஸில் நொடிக்கு 60 படம், பிளேஸ்டேஷன் 3-ல் 30. பேயோனெட்டா கேமை பிளாட்டினம் கேம்ஸ் எக்ஸ்பாக்ஸுக்குச் செய்தது. பிளேஸ்டேஷனுக்கு மாற்றும் வேலையை, கேமை வெளியிட்ட சேகா நிறுவனம் தானே செய்துகொண்டது. அது எப்படி வந்தது என்று பார்த்த பிளாட்டினத்தின் அட்சுஷி இனாபா, தங்கள் நிறுவனத்தின் பெரிய தோல்வி அதுவே என்று பிற்பாடு வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2011-ல் வந்த ஸ்கைரிம் இன்னும் விசித்திரம். பிளேஸ்டேஷன் 3-ல் ஆட ஆட சேவ் ஃபைல் பெருத்து, ஒரு கட்டத்துக்கு மேல் கேம் நகர மறுத்தது. நிறைய ஆடியவர்களுக்குத்தான் அதிகத் தண்டனை. அதன் முதல் கூடுதல் பகுதியான டான்கார்ட், எக்ஸ்பாக்ஸுக்கு 2012 ஜூனில் வந்தது. பிளேஸ்டேஷன் 3-க்கு 2013 பிப்ரவரியில்தான்.

அப்படியானால் பிளேஸ்டேஷன் 3 மட்டமான இயந்திரமா? பர்ன்அவுட் பாரடைஸ் என்ற கார் கேமைச் செய்த க்ரைடீரியன் நிறுவனம், எல்லோரும் போன வழிக்கு எதிர்த்திசையில் போனது. கஷ்டமான பிளேஸ்டேஷன் 3-ஐ முன்னால் வைத்து வேலையைச் சிறு சிறு துண்டாகப் பிரித்தது. 2008-ல் வெளியானபோது இரண்டு கன்சோலிலும் நொடிக்கு 60 படம். அப்படிப் பிரித்த வேலை எக்ஸ்பாக்ஸின் மூன்று மையங்களிலும் அழகாக உட்கார்ந்துகொண்டது. கஷ்டப்படுகிற இயந்திரத்துக்கு முதலில் இலை போட்டால் மற்றவருக்கும் குறை இருக்காது. ஆனால் ஆரம்பத்தில் செலவு கூடும். பலர் அந்தப் பக்கம் போகாததற்கு அதுதான் காரணம்.

நமக்கு வந்து சேர்ந்தவை

சோனி பிளேஸ்டேஷன் 3-ஐ இந்தியாவில் 2007 ஏப்ரலில் இறக்கியபோது விலை 39,990 ரூபாய். நெல்லையில் மணிக்கணக்குக்கு வாடகை வாங்கிய கேம் சென்டர்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. அங்கே பிளேஸ்டேஷன் 2-தான் ராஜா. நிறுவனங்களும் அதை விடவில்லை. முழுக்க இந்தியாவில் உருவான முதல் பிளேஸ்டேஷன் கேம் என்று அறிவிக்கப்பட்ட ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009-ல் பிளேஸ்டேஷன் 2-க்குத்தான் வந்தது. ஹைதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜிஸ் செய்தது அது.

அதைவிடச் சுவாரசியம் ஃபிஃபா. 2013-ல் வந்த ஃபிஃபா 14, புத்தம்புதிய பிளேஸ்டேஷன் 4-லும் இருந்தது, பதின்மூன்று வயது கிழவனான பிளேஸ்டேஷன் 2-லும் இருந்தது. அட்டையில் மெஸ்ஸி ஒருவரே. உள்ளே இருந்தவை வெவ்வேறு கேம்கள். பிளேஸ்டேஷன் 4-ல் புது எஞ்சின், அதாவது ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருள். கணினிக்கு அதே ஆண்டு கொடுத்தது பழைய எஞ்சின். பிளேஸ்டேஷன் 2-க்கு அதைவிடப் பழையது, அணிப் பட்டியலும் சட்டையும் மட்டும் புதிது.  பின்னால் நின்டெண்டோ ஸ்விட்ச் வடிவத்துக்கு ‘லெகசி எடிஷன்’ என்று பெயர் போட்டார்கள். பாட்டன் சொத்து மாதிரி கௌரவமான பெயர். பொருள், பழைய சரக்கு.

2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச லேப்டாப் வந்தது. ஆழ்வார்குறிச்சி பரமகல்யாணி கல்லூரி மாணவர்கள் தொடங்கி மாநிலம் முழுக்க லட்சக்கணக்கானோர் கையில் முதல் கணினி. 2 ஜி.பி. ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பென்டிரைவ் வழியாக முதலில் ஏறியது எது என்று கேட்டால் ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி என்பார்கள். பிளேஸ்டேஷன் 2-க்காக 2002-ல் செய்யப்பட்டு, ஏழே மாதத்தில் கணினிக்கு மாற்றப்பட்ட கேம். 128 எம்.பி. ராமும் 32 எம்.பி. கிராஃபிக்ஸும் இருந்தால் போதும் என்ற அளவு. இலவச லேப்டாப்பில் அது சிட்டாகப் பறந்தது. அதைத் தந்த அதே ராக்ஸ்டார் நிறுவனம் 2008 டிசம்பரில் கணினிக்குத் தந்த ஜி.டி.ஏ. IV, அந்தக் காலத்துப் பெரிய கணினிகளையே மூச்சிரைக்க வைத்தது. இரண்டு போர்ட்டுக்கும் இடையே ஆறு வருடம்கூட இல்லை. 2013-ல் கன்சோலில் வந்த ஜி.டி.ஏ. V-ஐக் கணினிக்குக் கொண்டுவர 2015 ஏப்ரல் வரை எடுத்துக்கொண்டார்கள். அது நன்றாக ஓடியது. அவகாசம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஒரே வீட்டிலேயே சாட்சி.

சமமாகக் கொடு என்றால் யாருக்கு நஷ்டம்?

2013-க்குப் பிறகு நிலைமை மாறியது. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுமே ஏ.எம்.டி. சிப்பில், கிட்டத்தட்டக் கணினி போலவே வந்தன. யூனிட்டி, அன்ரியல் போன்ற எஞ்சின்களில் ஒருமுறை செய்துவிட்டால் பல இயந்திரங்களுக்கும் பிரதி எடுக்கலாம் என்ற நிலை. சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தால், அது புது உடை போட்டு வந்தது.

எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் ராம் வேகம் குறைவு. கால் ஆஃப் டியூட்டி: கோஸ்ட்ஸ், பிளேஸ்டேஷன் 4-ல் 1080p தெளிவில் வர, எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 720p. ரசிகர்கள் இணையத்தில் கத்தி எடுத்தார்கள். அடுத்த வருடம் யூபிசாஃப்ட் தன் அசாசின்ஸ் க்ரீட்: யூனிட்டியை இரண்டிலும் 900p என்று நிறுத்தியது, விவாதத்தைத் தவிர்க்கத்தான் இப்படி என்று அதன் தயாரிப்பாளர் வாய்விட, இப்போது பிளேஸ்டேஷன்காரர்கள் கொதித்தார்கள். ‘எங்கள் மெஷின் கூடுதலாகத் தாங்கும், அவனுக்காக ஏன் எங்களைக் குறைக்கிறீர்கள்?’ கோபத்தில் நியாயம் இருக்கலாம். வெளியானபோது அந்த கேம் இரண்டு கன்சோலிலும் ஒழுங்காக ஓடவில்லை. அதைப் பற்றித்தான் முதலில் சண்டை போட்டிருக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் 2020-ல் இதே சமத்துவத்தைச் சட்டமாகவே போட்டுக்கொண்டது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இந்தியாவில் வெளியானபோது 49,990 ரூபாய், சீரிஸ் எஸ் 34,990. பெரியதில் 16 ஜி.பி. ராம், சிறியதில் 10. பெரியதற்கு வரும் கேம் எதுவும் சிறியதிலும் அதே வசதிகளோடு வர வேண்டும் என்பது விதி. விலை குறைந்த பெட்டி வாங்கியவரை ஏமாற்றக் கூடாது என்ற நல்லெண்ணம். பால்டர்ஸ் கேட் 3 அதைச் சோதித்தது. 2023 ஆகஸ்டில் கணினியிலும் செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5-லும் வந்துவிட்டது. ஒரே திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி சீரிஸ் எஸ்-ன் ராமில் அடங்கவில்லை என்று எக்ஸ்பாக்ஸ் வடிவம் தேங்கி நின்றது. கடைசியில் மைக்ரோசாஃப்ட் விதியைத் தளர்த்த, அந்த வசதி இல்லாமலே டிசம்பரில் வெளியானது. பிளாக் மித்: வூகாங் செய்த சீனக் குழுவும் அதே 10 ஜி.பி.யைச் சுட்டிக்காட்டியது, பிளேஸ்டேஷனுக்கு 2024 ஆகஸ்ட் 20-ல் வந்த கேம் எக்ஸ்பாக்ஸுக்குச் சரியாக ஒரு வருடம் கழித்து வந்தது.

சின்னப் பெட்டிதான் எல்லோரையும் பின்னுக்கு இழுக்கிறது என்று பெரிய பெட்டிக்காரர்கள் சொல்வதை நான் முழுக்க ஏற்கமாட்டேன். 2025 ஏப்ரலில் வந்த மேம்பாட்டில் பால்டர்ஸ் கேட் 3-ன் திரைப்பிரிப்பு சீரிஸ் எஸ்-ல் வேலை செய்தது. அதே 10 ஜி.பி.தான். இடையில் கிடைத்தது பதினாறு மாத அவகாசம்.

அவகாசம் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சைபர்பங்க் 2077 போதும். பெரிய கணினிகளை முன்னால் வைத்துச் செய்த கேம். 2013-ன் பிளேஸ்டேஷன் 4-லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் அது நொண்டும் என்று தெரிந்தோ தெரியாமலோ, விமர்சகர்களுக்குக் கணினிப் பிரதியை மட்டும் அனுப்பிவிட்டு 2020 டிசம்பர் 10-ல் எல்லாவற்றிலும் வெளியிட்டார்கள். ஒரு வாரம் கழிந்ததும் சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கியது. திரும்ப வைத்தது 2021 ஜூனில். ஆனால் அதே சி.டி. ப்ராஜெக்ட் நிறுவனம், கையடக்கமான நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு 2025 ஜூனில் கொடுத்த சைபர்பங்க்கை விமர்சகர்கள் பாராட்டினார்கள். அதற்கு முன் 2019-ல், 4 ஜி.பி. ராம் கொண்ட பழைய ஸ்விட்சில் விட்சர் 3 என்ற யானையை சேபர் இன்டராக்டிவ் என்ற குழு நுழைத்தது. தெளிவைக் குறைத்து, புல்லைக் குறைத்து, தூரத்து மரங்களைக் கரைத்து, எதைத் தொட்டாலும் கதையைத் தொடாமல் செய்த போர்ட். அந்தக் கைவேலையைப் பற்றி யாராவது ஒரு தனிப் புத்தகமே எழுதலாம்.

மாற்றிக் கொடுப்பவர்கள்

போர்ட் வேலையை மூல கேமைச் செய்தவர்களே செய்வது குறைவு. வெளியே ஒப்பந்தத்துக்குக் கொடுப்பார்கள். இந்திய கேம் துறை வளர்ந்ததில் இதற்குப் பங்குண்டு. பெங்களூருவில் 1997-ல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், பிற நாட்டு கேம்களுக்குக் காரும் கட்டடமும் வரைந்து கொடுத்தே பெயர் வாங்கியது, 2019-ல் ஜி.டி.ஏ. செய்யும் ராக்ஸ்டார் அதை வாங்கித் தன் இந்தியக் கிளையோடு சேர்த்துக்கொண்டது. புனேயில் 2008-ல் யூபிசாஃப்ட் வாங்கிய ஸ்டூடியோ, ஜஸ்ட் டான்ஸ் போன்றவற்றைக் கன்சோல் கன்சோலாக மாற்றித் தேர்ந்தது. அந்தத் தேர்ச்சியை நம்பித்தான் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சேண்ட்ஸ் ஆஃப் டைம்’ கேமின் மறுஆக்கத்தை புனே, மும்பை கிளைகளிடம் கொடுத்து 2020-ல் அறிவித்தார்கள். முன்னோட்டத்தைப் பார்த்தவர்கள் படம் பழையதாக இருக்கிறதே என்று முகம் சுளித்தார்கள். தேதி தள்ளிப்போனது, 2022-ல் வேலை மான்ட்ரியாலுக்குப் போனது. மாற்றுவது ஒரு திறமை. முழு கேமைத் தலைமையேற்றுச் செய்வது வேறு திறமை. இரண்டாவதைக் கற்றுக்கொள்ள முதல்முறையே உலகப் புகழ்பெற்ற பெயரைத் தலையில் வைத்தால், சறுக்கியதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

மட்டமான ஒப்பந்தப் போர்ட்டுக்கு உதாரணம் வேண்டுமென்றால் 2021 நவம்பரில் வந்த ஜி.டி.ஏ. ட்ரிலஜியின் ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’. வைஸ் சிட்டியையும் சான் ஆண்ட்ரியாஸையும் முன்பு கைபேசிக்கு மாற்றிய குழுவிடமே புதுப்பிப்பும் போனது. கண்ணைக் குத்தும் மழை, பலூன் மாதிரி முகங்கள், கடைப் பலகைகளில் எழுத்துப் பிழைகள். கணினிப் பிரதியைச் சில நாள் விற்பனையிலிருந்தே எடுக்க வேண்டியதாயிற்று. ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது. பெரிய கன்சோல் வைத்திருந்தவர்களுக்கும் அன்று கிடைத்தது கைபேசிப் பந்தியின் மிச்சம்தான்.

சொந்தமாகச் செய்த இந்தியர்கள் வழி வேறு. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்த ராஜி, 2020 ஆகஸ்டில் முதலில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்தது, மற்றவற்றுக்கு அக்டோபரில். நின்டெண்டோ அந்த கன்சோலை இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. துர்க்கையும் ராஜஸ்தான் கோட்டைகளும் வருகிற கேமை முதலில் ஆட, இந்தியர் ஒருவர் கள்ளச் சந்தைக் கடையைத் தேட வேண்டியிருந்தது.

கனடாவில் தமிழர் ஒருவர் தலைமையில் விசை கேம்ஸ் செய்த வெண்பா இன்னொரு வழி. 1988-ல் கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன் தம்பதியும் மகன் கவினும். அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும், அதுதான் ஆட்டம். 2023 ஜூலை 31 அன்று கணினி, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் நான்கிலும் ஒரே நாளில் வந்தது. ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற, கையால் வரைந்த கேம். எந்த இயந்திரமும் திணறுகிற அளவு பாரம் அதில் இல்லை. மறு வருடம் சுதந்திர கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் தலையாய பரிசும் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதும் அதற்குக் கிடைத்தன. கேமின் அளவை முன்கூட்டியே சுருக்கிக்கொண்டால் பந்திப் பிரச்சினையே எழாது என்று எண்ணத் தோன்றும். எல்லா கேமும் வெண்பா ஆகிவிட முடியாது என்பதும் உண்மை.

கடையம் தாண்டிப் போனால் மத்தளம்பாறை. 2011 முதல் ஸோஹோ அங்கிருந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறது. அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளை ஒருவர் யூனிட்டியை இறக்கி கேம் செய்து, கைபேசிச் செயலிக் கடையில் சில வாரங்களிலேயே வைத்துவிடலாம். கன்சோல் அப்படி இல்லை. சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோவிடம் பதிவு செய்து, ரகசிய ஒப்பந்தம் போட்டு, சோதனைக்கான தனி இயந்திரம் வாங்கினால்தான் அந்த கன்சோலுக்கான வேலையே தொடங்கும். சோனி 2023-ல் இந்தியா ஹீரோ ப்ராஜெக்ட் என்ற திட்டத்தை அறிவித்தது இந்தக் கதவைக் கொஞ்சம் திறக்கத்தான். நல்ல போர்ட் என்பது அந்த இயந்திரத்தோடு மாதக்கணக்கில் வாழ்ந்தவர்கள் கையில்தான் வரும்.

போனுக்குள் நடக்கும் அதே போர்

திண்ணைக் கேள்விக்கு வருவோம். கன்சோலில் மூன்று நான்கு வகைதான். ஆண்ட்ராய்டு போனில் ஆயிரக்கணக்கான வகை. அத்தனைக்கும் ஒரே கேம். பப்ஜி மொபைலில் ‘ஸ்மூத்’ முதல் ‘அல்ட்ரா எச்.டி.’ வரை படிகள் வைத்ததே அதனால்தான். விவரம் தெரிந்த பையன்கள் நல்ல போனிலும் ஸ்மூத்தான் போடுவார்கள். படம் அழகாக இருப்பதைவிட எதிரி சீக்கிரம் தெரிவது முக்கியம். 2020 ஆகஸ்டில் நொடிக்கு 90 படம் என்ற வசதியை ஒரு மாதத்துக்கு ஒன்பிளஸ் போன்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். ஒரே களத்தில் ஒருவனுக்குக் கூடுதல் கண். போன் பிராண்டைப் பார்த்துக் கொடுத்த கண். கன்சோல் உலகம் இவ்வளவு வெட்கமில்லாமல் செய்ததில்லை.

ஏழை போன்களுக்குத் தனி வடிவம் செய்வதும் நடந்தது. பப்ஜி மொபைல் லைட் 2019 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு போட்ட தடையில் பெரியதோடு சேர்ந்து போனது. ஃப்ரீ ஃபயர் இன்னும் புத்திசாலித்தனம் காட்டியது. எடை குறைந்த மூல கேம் இருந்தபடி இருக்க, 2021 செப்டம்பரில் படம் செழிப்பான ‘மேக்ஸ்’ வடிவம் தனியாக வந்தது. இரண்டு வடிவக்காரர்களும் ஒரே களத்தில், ஒரே கணக்கில் ஆடலாம். பர்ன்அவுட் பாரடைஸுக்குப் பிறகு நான் பார்த்த நேர்மையான ஏற்பாடு அது. 2022 பிப்ரவரி 14 அன்று மத்திய அரசு தடை செய்த செயலிகளில் ஃப்ரீ ஃபயர் இருந்தது, மேக்ஸ் இல்லை. சின்ன போனுக்காகச் செய்தது போய், பெரிய போனுக்காகச் செய்தது மட்டும் மிஞ்சியது. பத்தாயிரம் ரூபாய் போனில் இன்று இழுப்பது அதுதான், மக்கா. தப்பு உன் போனில் மட்டும் இல்லை.

அடுத்த பெரிய சோதனைக்கு ராக்ஸ்டார் அறிவித்திருக்கும் தேதி 2026 நவம்பர் 19. ஜி.டி.ஏ. VI பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டுக்கும் வருகிறது. கணினிக்கு அறிவிப்பே இல்லை. 34,990 ரூபாய்க்கு 10 ஜி.பி. பெட்டி வாங்கியவர் முதல் பந்தியில் உட்காருகிறார். லேப்டாப்பில் வைஸ் சிட்டி ஏற்றிப் பழகியவர்கள், ஜி.டி.ஏ. V கணினிக்கு வர ஆன பத்தொன்பது மாதத்தை நினைத்துக்கொண்டு காத்திருக்கலாம். அவசரமாக வந்த ஜி.டி.ஏ. IV-ஐ ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பில் பெரிய வருத்தம் இருக்காது.